கரண்ட் பில்லில் 'காட்டுத்தீ நிதி': கம்பெனி வைத்த தீக்கு நாம் ஏன் கட்டுகிறோம்?

மலையடிவாசி
வணக்கம். எல் டொராடோ ஹில்ஸ்ல இருக்கோம். இந்த மாச கரண்ட் பில்லை வரி வரியா பார்த்தப்ப 'வைல்ட்ஃபயர் ஃபண்ட் சார்ஜ்'னு ஒண்ணு கண்ணுல பட்டது. மூணு டாலர் சொச்சம்தான், அதுக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்ல. ஆனா இது என்ன நிதி, எந்தச் சட்டத்துல வந்தது, எப்ப நிக்கும்? கம்பெனியோட கம்பி அறுந்து தீப்பிடிச்சா கம்பெனிதானே கட்டணும், நம்ம தலையில ஏன் விடியுதுன்னு வீட்டுல கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. இது போதாதுன்னு இன்சூரன்ஸ்காரங்க வேற 75 நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க, பாலிசியைப் புதுப்பிக்க மாட்டாங்களாம். ரெண்டும் ஒரே கதையா, வேற வேறயா?

ஃபோல்சம்காரன்
உங்களுக்கு அடுத்த ஊர்தான் நாங்க. எங்க பில்லுல அப்படி ஒரு வரியே இல்லையே சார்? உங்க ஊருக்கு மட்டும் ஸ்பெஷலா?

ஷரத்து
ஃபோல்சமுக்கு மின்சாரம் தருவது ஸ்மட். அது மக்களுக்குச் சொந்தமான நிறுவனம். அந்தக் கட்டணம் மூன்று பெரிய தனியார் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான்: பி.ஜி. அண்ட் இ., சதர்ன் கலிஃபோர்னியா எடிசன், சான் டியேகோ கேஸ் அண்ட் எலக்ட்ரிக். கவுன்டி எல்லையைத் தாண்டினால் கம்பெனி மாறுகிறது, பில்லும் மாறுகிறது.

மலையடிவாசி சார், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் பெயர் ஏபி 1054 (ஏபி என்றால் மாநிலக் கீழவையில் பிறந்த மசோதா, எஸ்பி என்றால் செனட்டில் பிறந்தது). 2019 ஜூலை 12-ல் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்டார். 2,100 கோடி டாலர் நிதி. அதில் பாதி மூன்று கம்பெனிகளின் பங்குதாரர்களிடமிருந்து, பாதி நம் பில்லிலிருந்து. யூனிட்டுக்கு அரை சென்ட்டுக்குச் சற்று மேல். உண்மையில் இது புது வசூல்கூட இல்லை. 2001 மின்சார நெருக்கடியின்போது மாநில அரசு மின்சாரம் வாங்கிக் கொடுத்துக் கடன்பட்டது. அதற்காக ஒரு பத்திரக் கட்டணம் எல்லா பில்லிலும் வந்துகொண்டிருந்தது. அது 2020-ல் முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல், அதே அளவில் பெயரை மட்டும் மாற்றி 2035 வரை நீட்டினார்கள். அதனால்தான் அன்று யாருக்கும் பில் ஏறியதாகத் தெரியவில்லை. குறைந்த வருமானத்தாருக்கான கேர் சலுகையில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது.

'கம்பெனிதானே கட்டணும்' என்ற உங்கள் வீட்டுக் கேள்விதான் இதில் முக்கியம். கலிஃபோர்னியாவில் ஒரு விசித்திரமான சட்டநிலை உண்டு, இன்வர்ஸ் கண்டெம்னேஷன் என்பார்கள். மாநில அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு 19-ஆம் ஷரத்தின்படி பொதுக் காரியத்துக்காகத் தனியார் சொத்தை எடுத்தாலோ கெடுத்தாலோ நியாயமான இழப்பீடு தர வேண்டும். அரசுக்கு இருந்த அந்தக் கடமையை 1999-ல் பார்ஹாம் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியார் மின் கம்பெனிக்கும் பொருத்தியது. விளைவு: கம்பெனியின் கருவிதான் தீக்குக் கணிசமான காரணம் என்று நிரூபித்தால் போதும். கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. எல்லா விதியையும் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தாலும் கட்டியே ஆக வேண்டும்.

இதற்கு நீதிமன்றம் சொன்ன நியாயம் என்ன? கம்பெனி அந்த நஷ்டத்தைக் கட்டணத்தில் ஏற்றி லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களிடம் பரப்பிவிடலாம், ஒரு குடும்பம் மட்டும் அழியக் கூடாது என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2007-ல் சான் டியேகோ பக்கம் எரிந்த தீக்களுக்காக அந்த ஊர்க் கம்பெனி 37.9 கோடி டாலரைக் கட்டணத்தில் ஏற்ற அனுமதி கேட்டபோது, மாநில ஒழுங்குமுறை ஆணையமான சி.பி.யூ.சி. 2017-ல் மறுத்துவிட்டது. நீ உன் கம்பிகளைச் சரியாகப் பராமரிக்கவில்லை, பங்குதாரர் கட்டட்டும் என்றது. நீதிமன்றம் 'பரப்பிக்கொள்' என்கிறது, ஆணையம் 'பரப்பாதே' என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பி.ஜி. அண்ட் இ. 2019 ஜனவரியில் திவாலானது.

பங்குப் பயில்வான்
ஷரத்து சார் அருமையா சொன்னீங்க. இங்க எல்லாரும் கம்பெனியைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. வரம்பே இல்லாத பொறுப்பு இருந்தா அந்தக் கம்பெனிக்கு யார் கடன் கொடுப்பா? 2019 ஜனவரியில பி.ஜி. அண்ட் இ. ரேட்டிங் குப்பைக்குப் போச்சு. வட்டி ஏறினா அதுவும் நம்ம பில்லுலதான் வரும். நிதி வேணும்னு வால் ஸ்ட்ரீட் கேட்டுச்சு, சட்டசபை கொடுத்துச்சு. மூணு டாலர் சல்லிசு.

தெற்குவாசி
சல்லிசா? 2025-ல எரிஞ்சுபோன எங்க அல்டடீனாவுல வந்து சொல்லிப் பாருங்க.

ஷரத்து
பயில்வான் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி அந்தச் சட்டத்தின் சிறு எழுத்தில் இருக்கிறது.

நிதியிலிருந்து பணம் வர வேண்டுமென்றால் ஒரு வருடத்தில் இழப்பு 100 கோடி டாலரைத் தாண்ட வேண்டும். கம்பெனி எடுத்துக்கொண்ட பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதை ஆணையம் பிறகு தீர்மானிக்கும். கம்பெனி நியாயமாக நடந்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டாம். தவறு செய்திருந்தால் கட்ட வேண்டும், ஆனால் அதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்: மின்பாதைகளில் அதன் பங்குதாரர்கள் போட்டிருக்கும் முதலீட்டில் 20 சதவீதம், மூன்று வருடத்துக்குச் சேர்த்து.

இந்த வரம்பைப் பெற கம்பெனியிடம் மாநிலம் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தால் போதும். தீத்தடுப்புத் திட்டம் எழுதி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், இயக்குநர் குழுவில் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும், பெரிய அதிகாரிகளின் சம்பளம் பாதுகாப்போடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் இன்னொரு சலுகையும் உண்டு. முன்பெல்லாம் 'நான் சரியாகத்தான் நடந்தேன்' என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். இப்போது அது சரியாக நடந்தது என்றே வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள். பலமான சந்தேகத்தை எதிர்த்தரப்பு எழுப்பினால்தான் நிரூபிக்கும் சுமை மறுபடி கம்பெனிக்குப் போகும். தெரிந்தே அலட்சியம் செய்தது என்று ஆனால் மட்டும்தான் வரம்பு போகும். காகிதத்தில் திட்டம் ஒழுங்காக இருப்பதற்கும் டவரில் கொக்கி ஒழுங்காக இருப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைச் சட்டம் போதுமான அளவு அளக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கம்பியும் கம்பமும்
கொக்கின்னு சொன்னதால நான் வந்துட்டேன். மின்பாதைப் பராமரிப்புல வேலை பார்த்தவன், எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன்.

2018 நவம்பர் 8 காலையில பாரடைஸ் ஊரை அழிச்ச கேம்ப் ஃபயர் எப்படி ஆரம்பிச்சதுன்னு எல்லாரும் ஒரு தடவை தெரிஞ்சுக்கணும். கரிபூ-பலெர்மோ லைன், 115 கே.வி. 1921 வாக்குல போட்ட லைன். டவர் கையில ஒரு இரும்புத் தகடு, அதுல ஒரு ஓட்டை, அந்த ஓட்டையில சி வடிவக் கொக்கி தொங்கும், கொக்கியில இன்சுலேட்டர், அதுக்குக் கீழ கம்பி. மலை இடுக்குல காத்து அடிக்கறப்பெல்லாம் கொக்கி ஓட்டையில உரசும். இரும்பும் இரும்பும் உரசி உரசி நூறு வருஷத்துல கொக்கி கழுத்துல பாதிக்கு மேல தேஞ்சு போச்சு. அன்னைக்குக் காலையில மிச்சமும் அறுந்தது. மின்சாரம் ஓடிட்டிருந்த கம்பி டவர்ல பட்டு, உருகின உலோகத் துளிகள் கீழே காஞ்ச புல்லுல விழுந்தது. 85 பேர் செத்தாங்க. 18,000 கட்டடத்துக்கு மேல போச்சு.

கீழே நின்னு பைனாகுலர்ல பார்த்தா அந்தத் தேய்மானம் தெரியாது. மேல ஏறிப் பார்க்கணும். ஏறிப் பார்க்கறது செலவு. இதுதான் முழுக் கதையும்.

2020 ஜூன்ல பியூட் கவுன்டி கோர்ட்ல கம்பெனி 84 கொலைக் குற்றத்தை ஒப்புக்கிட்டது (நோக்கமில்லாக் கொலை). நீதிபதி ஒவ்வொரு பேரா வாசிக்க, தலைமை அதிகாரி ஒவ்வொண்ணுக்கும் எழுந்து நின்னபடி 'குற்றவாளி' சொன்னார், பின்னால திரையில செத்தவங்க படம். அபராதம் எவ்வளவு தெரியுமா? 35 லட்சம் டாலர் சுமார். சட்டத்துல இருந்த உச்சமே அவ்வளவுதான். கம்பெனியை ஜெயில்ல போட முடியாதே.

மலையடிவாசி
படிக்கவே கஷ்டமா இருக்கு. வீடு போனவங்களுக்கு முழுசா கிடைச்சுதா?

ஷரத்து
இல்லை. திவால் வழக்கில் மூன்று கணக்கு: தனிநபர்களுக்கு 1,350 கோடி, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் அவர்களிடமிருந்து உரிமையை வாங்கிய முதலீட்டு நிறுவனங்களுக்கும் 1,100 கோடி, உள்ளாட்சி அமைப்புகளுக்கு 100 கோடி. இன்சூரன்ஸ் பங்கு முழுக்க ரொக்கம். தனிநபர்கள் பங்கில் பாதி ரொக்கம், பாதி அதே கம்பெனியின் பங்குகள்! வீட்டை எரித்த கம்பெனியின் ஷேர் விலை ஏற வேண்டும் என்று வீடு இழந்தவர்கள் பிரார்த்தனை செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் அங்கீகரித்த தொகையில் 70 சதவீதத்தைச் சுற்றித்தான் வந்தது.

ஏன் அந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்? புது நிதியில் சேர வேண்டுமானால் 2020 ஜூன் 30-க்குள் திவாலிலிருந்து வெளியே வர வேண்டும் என்று ஏபி 1054-ல் கெடு இருந்தது. கெடு கம்பெனிக்கு என்று எழுதப்பட்டது, அவசரம் பாதிக்கப்பட்டவர்கள் மீது இறங்கியது.

தெற்குவாசி
இப்ப நான் சொல்றேன். பசடீனாவுல இருக்கேன். 2025 ஜனவரி 7 சாயங்காலம் ஈட்டன் கேன்யன்ல ஆரம்பிச்ச தீ, ராத்திரியோட ராத்திரியா அல்டடீனாவைத் தின்னுச்சு. 9,400 கட்டடம், 19 உயிர். செத்தவங்க பெரும்பாலும் லேக் அவென்யூவுக்கு மேற்கே. அந்தப் பக்கத்துக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததே விடிகாலை மூணு மணிக்கு மேல. அம்மா அப்பா ஊர்ல இருந்து வந்து தங்கியிருந்த ஒரு நண்பர் குடும்பம், பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. அந்தத் தெருவுல இப்ப தபால்பெட்டி மட்டும் நிக்குது.

காரணம் என்னன்னு கேஸ் நடக்குது. சந்தேகம் எது மேல தெரியுமா? 1971-ல இருந்து பயன்பாட்டுலயே இல்லாத ஒரு எடிசன் லைன். பக்கத்துல ஓடுற லைன்ல இருந்து தூண்டல் மின்சாரம் ஏறியிருக்கலாம்னு எடிசனே ஒரு சாத்தியமா சொல்லியிருக்கு. மத்திய அரசும் 2025 செப்டம்பர்ல எடிசன் மேல வழக்குப் போட்டிருக்கு. அரை நூற்றாண்டு சும்மா தொங்கின கம்பியை ஏன் கழட்டல? பயில்வான் பதில் சொல்லுங்க.

பங்குப் பயில்வான்
வருத்தமான விஷயம்தான், நான் அதை மறுக்கல. ஆனா நிதி இல்லாம இருந்திருந்தா எடிசனும் ஒரே மாசத்துல திவால் கோர்ட்டுக்குப் போயிருக்கும், உங்க நண்பர் வருஷக்கணக்கா வரிசையில நின்னுருப்பார். நிதி இருக்கறதாலதான் கேஸ் முடியறதுக்கு முன்னாடியே எடிசன் இழப்பீட்டுத் திட்டம் அறிவிச்சுது. அது சாதாரணமா?

தெற்குவாசி
அந்தத் திட்டத்துல பணம் வாங்கினா கேஸ் போடற உரிமையை எழுதிக் கொடுக்கணும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. தப்பே நிரூபணமானாலும் எடிசன் திருப்பிக் கட்ட வேண்டியதுக்கு வரம்பு, சுமார் 400 கோடி. மேல போறதெல்லாம் நிதி. நிதின்னா பாதி நாங்க. எரிஞ்ச ஊர்க்காரனே தன் வீட்டுக்கு நஷ்டஈட்டைத் தானே மாசாமாசம் கட்டிக்கறான்.

ஷரத்து
ஒரே தீயில் நிதி வற்றிவிடுமோ என்ற பயத்தில்தான் 2025 செப்டம்பரில் எஸ்பி 254 வந்தது. மேலும் 1,800 கோடி, மறுபடியும் பாதிப் பாதி. நம் பங்குக்கு அதே கட்டணத்தை 2036-லிருந்து 2045 வரை நீட்டிவிட்டார்கள். மலையடிவாசி சார், 'எப்ப நிக்கும்' என்று கேட்டீர்களே, 2045. அன்றைக்கு இன்னொரு எஸ்பி வராமல் இருந்தால்.

கம்பியும் கம்பமும்
பணம் யார் கட்டறதுன்னு மட்டுமே பேசிட்டிருக்கோம். தீ வராம இருக்க அந்தச் சட்டங்க என்ன செஞ்சுதுன்னும் பார்க்கணும். நான் கம்பெனிக்கு வக்காலத்து வாங்கல, ஆனா வேலை நடந்திருக்கு.

பலன் தந்ததுல முதல் இடம் சுவிட்சுக்கு. மலைப்பகுதி லைன்ல கிளை ஏதாவது பட்டா, பத்துல ஒரு நொடியில தானா அணையற மாதிரி பி.ஜி. அண்ட் இ. 2021-ல இருந்து அமைப்பை மாத்தினாங்க. தீப்பொறிகள் நல்லாவே குறைஞ்சது. செலவும் கம்மி. ஆனா அணில் ஓடினாக்கூட கரண்ட் போகும். கிணத்துத் தண்ணியை நம்பி இருக்கற மலைவீட்டுக்குக் கரண்ட் போனா பம்பும் நின்னுடும், தீ வந்தா அடிக்கத் தண்ணி இல்ல. ஆக்ஸிஜன் மெஷின்ல இருக்கறவங்க கதையைச் சொல்லவே வேணாம். இந்தப் பாரம் எந்த நிதியிலயும் கணக்கு வர்றதில்ல.

ரெண்டாவது, கம்பியைப் பூமிக்கடியில புதைக்கறது. மைலுக்கு 30 லட்சம் டாலர் பக்கம். உறை போட்ட கம்பியை மேலயே கட்டினா அதுல மூணுல ஒரு பங்குகூட ஆகாது, பெரும்பாலான பொறியை அதுவே தடுத்துடும். ஆனாலும் 10,000 மைல் புதைக்கப் போறோம்னு 2021-ல அறிவிச்சாங்க. ஏன்னா புதைக்கறது முதலீடு. முதலீட்டுல பங்குதாரருக்குச் சுமார் 10 சதவீத லாபம் சட்டப்படி உண்டு. மரக்கிளை வெட்டறது வெறும் செலவு, அதுல ஒரு காசு லாபம் கிடையாது. நீங்க அந்த நாற்காலியில உக்காந்தா எதைச் செய்வீங்க?

இதைச் சட்டசபையும் கண்டுக்காம இல்ல. ஏபி 1054-ல முதல் 500 கோடி பாதுகாப்புச் செலவுக்கு லாபம் கிடையாதுன்னு வச்சாங்க, எஸ்பி 254-ல இன்னொரு 600 கோடிக்கு. என்னைக் கேட்டா, இந்த ரெண்டு வரிதான் ரெண்டு சட்டத்துலயும் உருப்படியான வரி.

ஓரிகன் ஓரம்
போர்ட்லண்ட்ல இருந்து ஒரு குறுக்குத் தகவல். இங்க இன்வர்ஸ் கண்டெம்னேஷன் இந்த மாதிரி கிடையாது, கவனக்குறைவை நிரூபிக்கணும். நிரூபிச்சுட்டாங்க. 2020 லேபர் டே புயல்காத்துல கரண்ட்டை நிறுத்தாம விட்டதுக்காக பசிஃபிகார்ப்ங்கற மின் கம்பெனி கடும் அலட்சியம் செஞ்சதுன்னு 2023 ஜூன்ல ஜூரி தீர்ப்பு. அதுக்கப்புறம் பக்கத்து மாநிலங்கள்ல கம்பெனிங்க எல்லாம் சட்டசபைக்கு ஓடினாங்க. ஐடஹோ, வயோமிங், மொன்டானா மூணுலயும் 2025-ல சட்டம் வந்துடுச்சு: ஒப்புதல் வாங்கின தீத்தடுப்புத் திட்டத்தைக் கடைப்பிடிச்சா கம்பெனிக்குப் பாதுகாப்பு. கலிஃபோர்னியாவோட சான்றிதழ் யோசனை, ஆனா நிதி மைனஸ்.

தடுப்புப் பக்கம் எங்க கதை இன்னும் சிரிப்பு. 2021-ல எஸ்பி 762 போட்டு எந்த வீட்டுக்கு எவ்வளவு தீ அபாயம்னு மாநிலம் முழுக்க வரைபடம் போடச் சொன்னாங்க. 2022-ல வெளியிட்டாங்க, ஜனங்க கொதிச்ச கொதிப்புல ஒரு மாசம் சொச்சத்துலயே வாபஸ். திருத்தி 2025 ஜனவரியில மறுபடி வெளியிட்டாங்க. அதே வருஷம் சட்டசபையே அந்த வரைபடத்தை ரத்து செஞ்சுடுச்சு. அபாயம் அப்படியே இருக்கு, படம் மட்டும் இல்ல.

தீமிதி
இவ்வளவு நேரம் படிச்சிட்டே இருந்தேன். எல்லாரும் கம்பியைப் பத்தியே பேசறீங்க. கலிஃபோர்னியாவுல பிடிக்கற தீயில பத்துல ஒண்ணுகூட கம்பியால இல்ல. பெருநாசம் பண்ணின தீயில கம்பிக்குப் பங்கு அதிகம், ஒத்துக்கறேன். ஆனா பொறி எங்கிருந்து வந்தாலும் அது பிடிச்சு எரியறதுக்குக் காட்டுல சருகும் புதரும் குவிஞ்சு கிடக்கணும். அது ஏன் குவிஞ்சது? நூறு வருஷமா எந்தத் தீயையும் எரிய விடாததால. கருக், யூரோக் மாதிரி பூர்வகுடிகள் வருஷா வருஷம் சின்னதா எரிச்சுக் காட்டைச் சுத்தமா வச்சிருந்தாங்க. அதைக் குற்றம்னு சட்டம் போட்டுத் தடுத்தாங்க.

நான் நெவாடா கவுன்டியில திட்டமிட்டு எரிக்கற ஒரு தன்னார்வக் குழுவுல இருக்கேன். சட்டம் எங்களை எப்படிப் பார்க்குதுன்னு சொல்றேன். என் நிலத்துல இருபது வருஷமா புதரைக் குவிய விட்டு, ஒரு நாள் மின்னல் விழுந்து அது பக்கத்து ஊரை எரிச்சா, பெரும்பாலும் என்னை யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. அதே புதரை நான் பர்மிட் வாங்கி, ஈரப்பதம் பார்த்து, காத்து பார்த்து, தீயணைப்பு வண்டி நிறுத்தி எரிக்கும்போது ஒரு பொறி வேலியைத் தாண்டினா, அணைக்க வந்த செலவு முழுக்க என் தலையில. ஹெல்த் அண்ட் சேஃப்டி கோட் 13009. சும்மா இருந்தவன் தப்பிச்சான், வேலை செஞ்சவன் மாட்டினான்.

இதை மாத்தத்தான் 2021-ல எஸ்பி 332 வந்துச்சு. தகுதிச் சான்று வாங்கின பர்ன் பாஸ் (எரிப்பை முன்நின்னு நடத்தறவர்) ஒருத்தர் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்து, நிலத்துக்காரர் அனுமதியோட, அந்தத் திட்டப்படி எரிச்சா, கடும் அலட்சியம் இருந்தா மட்டும்தான் அணைப்புச் செலவைக் கேட்கலாம். பூர்வகுடிகள் மரபா எரிக்கறதுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2024-ல எஸ்பி 310 இன்னொரு படி மேல போய், பழங்குடி அரசுகளோட மாநிலம் நேரடியா உடன்படிக்கை போட்டுக்கலாம்னு சொல்லிடுச்சு.

ஃபுளோரிடா அண்ணாச்சி
நாங்க 1990-லயே இதைச் சட்டமாக்கிட்டோம் தங்கச்சி. 1999-ல கடும் அலட்சியம் இருந்தாதான் பொறுப்புன்னும் திருத்திட்டாங்க. வருஷத்துக்கு இருபது லட்சம் ஏக்கர் எரிக்கறாங்க இங்க. ஹைவேயில புகை தெரிஞ்சா யாரும் 911-க்கு போன் போடறதில்ல.

தீமிதி
அண்ணாச்சி, உங்க சட்டம் பக்கத்து வீட்டுக்காரர் நஷ்டத்துக்கும் பொருந்தும். எங்க எஸ்பி 332 அணைப்புச் செலவுக்கு மட்டும்தான். தீ தாண்டிப் போய் ஒருத்தர் கொட்டகையை எரிச்சா சாதாரணக் கவனக்குறைவே போதும், கேஸ் போடலாம். எங்களுக்கு இன்சூரன்ஸ் கொடுக்க எந்தக் கம்பெனியும் முன்வராததால 2022-ல எஸ்பி 926 வழியா மாநிலமே ஒரு நிதி வச்சுது. எவ்வளவு தெரியுமா? 2 கோடி டாலர், முன்னோட்டமா. கம்பி அறுந்தா கொடுக்க 2,100 கோடி, அதுக்கு மேல 1,800 கோடி. கம்பி அறுந்தாலும் எரியறதுக்கு ஒண்ணும் இல்லாம பண்ணறவங்களுக்கு 2 கோடி. எனக்கு வயித்தெரிச்சல் இந்த இடத்துலதான்.

கம்பியும் கம்பமும்
தீமிதி அக்கா, ஒரு எதிர்க்கேள்வி. 2022-ல நியூ மெக்சிகோவுல வனத்துறை திட்டமிட்டு வச்ச தீதானே ஹெர்மிட்ஸ் பீக்ல கைமீறிப் போச்சு? மூணு லட்சம் ஏக்கருக்கு மேல. அந்த ஜனங்ககிட்ட போய் 'கடும் அலட்சியம் இருந்தாதான் நஷ்டஈடு'னு சொல்ல முடியுமா? கம்பெனிக்கு வரம்பு வச்சதைத் திட்டிட்டு, எரிக்கறவங்களுக்கு மட்டும் வரம்பு கேட்கறோமே.

தீமிதி
சரியான கேள்வி தம்பி. ஹெர்மிட்ஸ் பீக்ல காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு மத்திய அரசே இழப்பீட்டை ஏத்துக்கிட்டது. நானும் அதைத்தான் கேட்கறேன். எரிஞ்சவருக்கு முழுசா கிடைக்கணும், ஆனா அது வெள்ளிக்கிழமை லீவு போட்டு வந்த தன்னார்வலர் சொத்துல இருந்து வரக் கூடாது, பொதுப்பணத்துல இருந்து வரணும். கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கே. அவங்க வேலையைத் தள்ளிப்போட்டா லாபம் மிச்சம், நாங்க தள்ளிப்போட்டா எங்களுக்கு என்ன மிச்சம்? எங்ககிட்ட எந்தப் பங்குதாரரும் இல்ல.

எரிக்கற நாள்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா இவ்வளவு பயம் இருக்காது. டீசலும் பெட்ரோலும் கலந்த டிரிப் டார்ச்சை (எரியற எண்ணெயைச் சொட்டவிடற கேன்) சாய்ச்சுக்கிட்டு மேட்டுல இருந்து கீழ்நோக்கி, காத்துக்கு எதிரா கோடு கோடா வைப்போம். முழங்கால் உயரத்துக்கு மேல ஜுவாலை எழும்பினா நிறுத்திடுவோம். வைக்கறது ரெண்டு மணி நேரம், அதுக்கப்புறம் சாயங்காலம் வரை அணைக்கற வேலை. கையுறையைக் கழட்டிட்டு புறங்கையைச் சாம்பலுக்கு மேல கொண்டுபோய்ப் பார்ப்போம். சூடு தெரிஞ்சா தோண்டி, தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி புறங்கை. ஒவ்வொரு கட்டைக்கும். மறுநாள் வந்து மறுபடி.

மலையடிவாசி
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்சூரன்ஸ் பத்தி யாராவது? வீட்டுச் சுவரோரம் மல்லிகைக்கொடி, ஜன்னலுக்குக் கீழ மரப்பட்டைத் தூள் (பார்க் மல்ச்) போட்ட பாத்தி, வீட்டை ஒட்டி மரவேலி. ஆகாயத்துல இருந்து எடுத்த போட்டோவை அனுப்பி இதெல்லாம் ஆபத்துன்னு எழுதியிருக்காங்க. பின்பக்கம் கறிவேப்பிலைத் தொட்டி வேற இருக்கு, அதையுமா எடுக்கணும்?

ஷரத்து
இன்சூரன்ஸ் வேறு கதை, ஆனால் ஒரே ஊற்று. வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதர் அகற்ற வேண்டும் என்பது பழைய சட்டம், பப்ளிக் ரிசோர்சஸ் கோட் 4291. 2020-ல் ஏபி 3074 அதற்குள் ஒரு புது வட்டம் போட்டது: சுவரிலிருந்து முதல் ஐந்து அடியில் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, ஜோன் ஜீரோ. விதிகளை 2023 ஜனவரிக்குள் எழுத வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. வனவாரியம் எழுதவில்லை. அல்டடீனாவும் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதியும் எரிந்த பிறகு, 2025 பிப்ரவரியில் ஆளுநர் தனி உத்தரவு போட்டு முடுக்க வேண்டியிருந்தது. பொதுக் கூட்டங்களில் பெரிய சண்டையே பூந்தொட்டிக்கும் மரத்துக்கும்தான். வீட்டோர மரம் நிழல் தருகிறது, ஈரமான செடி எரியாது என்பது ஒரு கட்சி, சாம்பல் பொறிக்கு ஈரம் தெரியாது என்பது இன்னொரு கட்சி.

உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி அந்த விதிக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டை விற்கப் போனாலும் இது வரும்: ஏபி 38-ன்படி அபாயப் பகுதியில் விற்பவர் 2021 ஜூலையிலிருந்து 4291 சான்று காட்ட வேண்டும். சட்டப்படி நீங்கள் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. 2022-ல் வந்த 'சேஃபர் ஃப்ரம் வைல்ட்ஃபயர்ஸ்' விதியின்படி, தடுப்பு வேலை செய்தால் ப்ரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும், உங்கள் வீட்டுக்குப் போட்ட அபாய மதிப்பெண்ணையும் சொல்ல வேண்டும். எழுத்தில் கேளுங்கள். ஆனால் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்தாது. யாரும் தரவில்லை என்றால் கடைசிப் புகலிடமாக ஃபேர் பிளான் என்ற பாலிசி. விலை அதிகம், கவரேஜ் குறைவு.

கம்பியும் கம்பமும்
மல்லிகையை எடுங்க, மல்ச்சை எடுத்துட்டு ஜல்லி போடுங்க. வேலியில வீட்டைத் தொடற கடைசி அஞ்சு அடியை மட்டும் அறுத்துட்டு இரும்பு வைங்க. மாடத்துக் காத்துத் துவாரத்துக்கு எட்டுல ஒரு இன்ச் வலை. வீடுங்க பெரும்பாலும் ஜுவாலையில எரியறதில்ல, துவாரத்துல நுழையற பொறியில உள்ளிருந்து எரியுது. கறிவேப்பிலையை அஞ்சடி தள்ளி வைங்க, வீட்டுல சமாதானம் நிலவட்டும்.

மலையடிவாசி
கடைசியா ஒண்ணு. வெட்டினதெல்லாம் பின்னால ஒரு குவியலா கிடக்கு. தீமிதி அக்கா சொன்ன எஸ்பி 332 இருக்கே, அந்தத் தைரியத்துல நானே எரிச்சுடலாமா?

தீமிதி
கூடவே கூடாது! அந்தப் பாதுகாப்பு பர்ன் பாஸ் ஒப்புதலோட நடக்கற எரிப்புக்கு. வீட்டுக் குவியலுக்கு இல்ல, தாண்டினா 13009 அப்படியே உங்க மேல பாயும். முதல்ல உங்க ஊர்லயே எரிக்க அனுமதி உண்டான்னு தீயணைப்பு நிலையத்துல கேளுங்க, நெருக்கமான குடியிருப்புல பெரும்பாலும் கிடையாது. அனுமதி இருந்தா கால் ஃபயர் (மாநிலத் தீயணைப்புத் துறை) பர்மிட் வேணும், அன்னைக்குக் காலையில காற்றுத்தர மாவட்டத்துக்கு போன் போட்டு எரிக்கலாமான்னு உறுதி பண்ணணும். குவியல் நாலடிக்கு நாலடி, சுத்தி பத்தடி வெறும் மண், மண்வெட்டி, ஓஸ் பைப், பெரியவங்க ஒருத்தர் கடைசி வரைக்கும் அங்கேயே. இவ்வளவு வேண்டாம்னா உங்க கவுன்டி ஃபயர் சேஃப் கவுன்சில்ல சிப்பர் வண்டிக்குப் பதிவு பண்ணுங்க. கிளையை ரோட்டோரம் அடுக்கி வச்சா வந்து அரைச்சுக் கொடுத்துட்டுப் போவாங்க. ஆனா அரைச்ச தூளை மறுபடி ஜன்னலுக்குக் கீழ கொட்டிடாதீங்க, தோட்டத்துக் கோடியில பரப்புங்க.